உப்புக்காற்றுக்கு அசராத பெட்டி

ரிச்சி தெருவில் லீஸ் முடிந்து வந்த ஒரு பழைய ஆபீஸ் டவர், புதிதாக வாங்கிய இரண்டு ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி போர்ட் வைத்த ஒரு சின்ன யுபிஎஸ். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருக்கிற யாருக்கும் வீட்டு ஸ்டோரேஜ் சர்வர் அமைக்க இதைவிட நல்ல கூட்டணி கிடையாது. அடித்துச் சொல்கிறேன். திருவொற்றியூரில் என் வீட்டு அலமாரியில் ராப்பகலாக அது ஓடுகிற அழகைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய எந்தப் பொருளும் இவ்வளவு நிம்மதியைக் கொடுத்ததில்லை.

சர்வர் என்றதும் மலைக்க வேண்டாம். வீட்டு வைஃபையில் இருக்கும் அத்தனை போனுக்கும் லேப்டாப்புக்கும் டிவிக்கும் பொதுவான ஒரு சேமிப்பு இடம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்கள் நாஸ் என்பார்கள். கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாகப் படம் வைத்துக்கொண்டிருந்தது 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றுபோனது. அன்றிலிருந்து 15 ஜிபிக்கு மேல் போனால் மாதாமாதம் காசு. குழந்தை பிறந்த வீட்டில் 15 ஜிபி எத்தனை நாளைக்கு வரும்? எங்கள் வீட்டில் அப்பா அம்மாவின் கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், தங்கையின் காலேஜ் நோட்ஸ், தாத்தா ஹார்பரில் வேலை பார்த்த காலத்துப் படங்கள் எல்லாம் ஆளுக்கொரு பென்டிரைவில் சிதறிக் கிடந்தன. இப்போது எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

ஏன் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்? சாதாரண கிகாபிட் லேனில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்தான் போகும். இன்றைய 3.5 அங்குல டிஸ்க் ஒன்றே அதைத் தாண்டிப் படிக்கும். அப்புறம் எதற்குப் புத்தம்புது ப்ராசஸர்? 2017இல் வந்த ஐ5-7500 இந்த வேலையில் பெரும்பாலான நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. ப்ராசஸருக்குப் போடுகிற காசை டிஸ்க்குக்குத் திருப்பிவிடுங்கள். என் கணக்கில் பெட்டி பத்தாயிரத்துக்குள் முடிந்தது, இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து அதைப்போல இரு மடங்கு ஆனது. அந்த விகிதம்தான் சரியான விகிதம்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. அதனால் கம்பெனிகள் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கழித்துவிடுகின்றன. நமக்கு விண்டோஸே தேவையில்லை, லினக்ஸ் போடப் போகிறோம். அவர்கள் கழித்தது நமக்குத் தங்கம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இடத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள்.

மவுண்ட் ரோடு பக்கம் நரசிங்கபுரம் தெரு என்று போர்டு இருக்கும், ஊரே ரிச்சி ஸ்ட்ரீட் என்றுதான் கூப்பிடும். மாடிப்படி ஏறினால் டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருப்பார்கள்.

"இன்னாத்துக்குண்ணே இவ்ளோ பெரிய டவரு? சின்னப் பெட்டி வச்சிருக்கேன், டேபிள்ல அழகா நிக்கும், எட்த்துனு போங்க" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பெரிய டிஸ்க் உள்ள வைக்கணும் பாய்."

"அத்த மொதல்ல சொல்லணும்ல?" என்று கீழடுக்கில் இருந்து ஒன்றை இழுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டினார்.

அந்தத் தகடு கழன்றதும் பார்க்க வேண்டியது ப்ராசஸரை அல்ல. முதலில் பின்பக்க லேன் போர்ட்டின் உலோக ஓரம். அங்கே பழுப்புத் துரு இருந்தால் அந்தப் பெட்டி கடலோரத்தில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ரேமை உருவிப் பாருங்கள். தங்கப் பூச்சுப் பற்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். லேசாக மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போய்விடும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்கள். போர்டில் கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் கைக்கு வந்த பெட்டியில் திருகாணிகூட கறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஏசி அறையில் இருந்த பெட்டி அது. ஓஎம்ஆர் ஐடி ஆபீஸ்களில் இருந்து லீஸ் ரிட்டர்னாக வரும் பெட்டிகளை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கு அதுதான் காரணம். நம்ம ஏரியாவில் கன்டெய்னர் யார்டு ஷெட்டுகளில் இருந்து வெளியே வரும் கம்ப்யூட்டர் இன்னும் மலிவாகவே கிடைக்கும். அது வேண்டாம். அது ஏற்கெனவே நம்ம காற்றைக் குடித்து முடித்திருக்கும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த பிராண்டட் பெட்டிகளில் பலவற்றுக்கு சொந்த வகைக் கனெக்டர். கடையில் பொதுவாகக் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. ஆனால் பெட்டியோடு வருவது தரமான சரக்கு, தெரியாத பெயர் ஒட்டிய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை விட ஆயிரம் மடங்கு மேல். அதே மாடலுக்கு உபரியாக ஒன்று கிடைக்குமா என்று அதே கடையில் அப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயில் பல வருஷ நிம்மதி.

இனி நம்ம ஊர்க் காற்று. வேறு ஊர்க்காரர்கள் சொல்லித்தரும் எந்த யோசனையிலும் இது இருக்காது, அதனால்தான் இதை மனசாரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கறுக்கும் என்று எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. கம்ப்யூட்டர் போர்டிலும் வெள்ளி இருக்கிறது, செம்பு இருக்கிறது. 2006இல் ஐரோப்பாவில் எலெக்ட்ரானிக்ஸில் ஈயத்துக்குத் தடை வந்தபிறகு, பல போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதிலாக வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகம் மிகுந்த ஊர்களில் அப்படிப்பட்ட போர்டுகள் மளமளவென்று பழுதாக ஆரம்பித்தன. சல்ஃபைடு படிவு ஊர்ந்து போய்ப் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும். ஷார்ட்! டேட்டா சென்டர்களில் இதை அளக்க ஐஎஸ்ஏ 71.04 என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு செம்புத் தகட்டை மாதம் முழுக்க அறையில் வைத்தால் அதன்மேல் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே படிவு இருந்தால்தான் அந்த அறை மென்மையான காற்று உள்ள அறை. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான விஷயம்.

கந்தகத்தோடு உப்பும் சேர்கிறது. கடல் உப்புத் தூள் போர்டில் படிந்து கிடந்தால் பரவாயில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் அது தண்ணீரை இழுத்து உப்புநீராக மாறும். நம்ம பக்கம் விடியற்காலையில் 75ஐத் தாண்டாத நாள் எது? ஆனால் இதற்கு அற்புதமான ஒரு தீர்வு இருக்கிறது, அதற்குக் காசே செலவில்லை. பெட்டியை அணைக்காதீர்கள். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று பெட்டிக்குள் போய் 40 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் ஏறக்குறைய 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உப்பு வெறும் தூளாகவே கிடக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டி தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது! வாரம் ஒருமுறை மட்டும் போட்டு அணைக்கிற பெட்டிதான் இங்கே முதலில் போகும். இந்த ஒரு விஷயம் புரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

கரித்தூசி தனி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நின்று எண்ணூருக்குப் போனபிறகு ராயபுரத்துக்காரர்கள் மூச்சுவிட்டார்கள். எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் துணி கறுப்பாகிறது. பெட்டியின் முன்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் மெல்லிய ஃபில்டர் வலை ஒன்றை ஒட்டி, மாதாமாதம் கழற்றித் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, தண்ணீர் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம், புளோயர் போதும். சமையலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

எந்த உயரத்தில் வைப்பது என்பதும் இங்கே உயிர்நாடியான கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய தெருக்களில் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. எண்ணெய் பிடித்த ஆல்பத்தை எந்த ஸ்டுடியோவிலும் காப்பாற்ற முடியாது. ஆகவே தரை வேண்டாம். பரணும் வேண்டாம், மே மாத வெயிலில் கான்கிரீட் கூரையடியில் டிஸ்க் வெந்துவிடும். நெஞ்சளவு அலமாரி, பின்னால் ஒரு சாண் இடைவெளி.

டிஸ்க்குக்கு வருவோம். பெட்டி பழசாக இருக்கலாம், டிஸ்க் புதுசாகத்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாரோடும் சமாதானம் பேச மாட்டேன்.

டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. எஸ்எம்ஆரில் எழுதும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பழுதான டிஸ்க்கை மாற்றிப் புதியதில் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும்போது அது தவழ்ந்து தவழ்ந்து போகும், சில சமயம் பாதியிலேயே கழன்றுகொள்ளும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸுக்கு என்று விற்ற ரெட் வரிசையின் சில மாடல்களில் சொல்லாமலேயே எஸ்எம்ஆர் வைத்திருந்தது அம்பலமாகி உலகமே கொதித்தது. அதன்பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் ஐயன்வுல்ஃப் வரிசை முழுக்க சிஎம்ஆர். அதே சீகேட்டின் பாராகுடா 4 டிபி, 8 டிபி எஸ்எம்ஆர். கடையில் "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, இது ஆயிரம் ரூபா கம்மி" என்றால் சிரித்துக்கொண்டே ஐயன்வுல்ஃபையோ ரெட் பிளஸையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மூன்று வருஷ வாரண்டி. பில்லோடு, இந்திய வாரண்டியோடு வாங்குங்கள். கடையில் நிற்கும்போதே சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பாருங்கள்.

அது ஏன் என்றால், 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே இதழ் ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தது. சியா என்ற கிரிப்டோ காசுக்காகப் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஓட்டக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியது என்று விற்றிருக்கிறார்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கை அழிக்க முடிந்தது, ஆனால் சீகேட் டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு இருக்கிறது, உண்மை அதில் அப்படியே இருந்தது. ஸ்மார்ட்சிடிஎல் என்ற இலவச நிரலின் புதிய பதிப்பு அந்தப் பதிவையும் படித்துக் காட்டும். புது டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். இரண்டு கணக்கும் ஒத்துப்போனபோது வந்த திருப்தி இருக்கிறதே!

பிறகு அதே நிரலில் நீண்ட பரிசோதனையை ஓடவிடுங்கள். ஒரு ராத்திரி முழுக்க எடுக்கும், எடுக்கட்டும். கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் போய்விடும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதனால் ஒரே ஒரு பிழை வந்தாலும் வாரண்டிக்கு ஓடுங்கள். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்கள் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நல்ல செய்தியும் சொல்கிறேன்: லட்சக்கணக்கான டிஸ்க் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனத்தில் 2023இல் பழுதானது நூற்றுக்கு 1.4 என்ற விகிதம்தான். நல்ல டிஸ்க் உண்மையிலேயே உழைக்கிறது.

இரண்டையும் மிரர் செய்யுங்கள், ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் எழுதப்படும். மூன்று டிஸ்க், நான்கு டிஸ்க் கணக்கெல்லாம் வீட்டுக்கு வேண்டாத தலைவலி.

கரண்ட் பில் பற்றிக் கேட்பார்கள். என் மீட்டரில் இரண்டு டிஸ்க்கும் சுற்றும்போது 30 வாட்டை ஒட்டி நிற்கிறது. நாளுக்கு 0.72 யூனிட், இரண்டு மாத பில்லில் 43 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் 100 யூனிட் இலவசத்தில் பாதிகூட இல்லை. ஆனால் உங்கள் பில் 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டணமே மாறும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 6 வாட் என்று வரையறுத்த இன்டெல் என்100 சிப் வைத்த சின்ன போர்டு நல்லது. மற்றவர்களுக்கு என் ஓட்டு பழைய டவருக்குத்தான்.

பவர் கட்டைவிட ஆபத்தானது கரண்ட் போய்ப் போய் வருவது. இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் நார்மல், யுபிஎஸ் என்று சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். அதற்குமேல் பெட்டிக்குத் தனியாக ஒரு 600 விஏ யுபிஎஸ். கட்டாயம் யுஎஸ்பி போர்ட் உள்ளதாக இருக்க வேண்டும். பேட்டரி இறங்கும்போது அந்தக் கேபிள் வழியாகத்தான் செய்தி போய், சர்வர் தானே மரியாதையாக மூடிக்கொள்ளும். ஆடி மாதக் காற்றில் ஒரு நாள் விட்டுவிட்டுக் கரண்ட் போனபோது எங்கள் வீட்டில் எல்லா விளக்கும் ஆட்டம் போட்டது, அந்தக் கறுப்புப் பெட்டியின் நீல விளக்கு மட்டும் இமைக்கவே இல்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எர்த்தையும் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். ராயபுரத்துப் பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி வறண்டு கிடக்கும், பெட்டியின் தகட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும்.

மென்பொருள் எளிது. ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும், நான் 16 போட்டேன். அதில் வரும் இசட்எஃப்எஸ் கோப்பு முறை ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. மிரரில் ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தில் இருந்து தானே சரிசெய்துவிடும். குறைந்த ரேம் உள்ளவர்கள் ஓபன்மீடியாவால்ட் போடலாம், அருமையானது. இரண்டும் இலவசம்.

அதன்மேல் இம்மிச் என்ற போட்டோ செயலியைப் போட்டேன். முகம் பார்த்துப் பிரிக்கும். அம்மா போனில் தாத்தாவின் முகத்தைத் தொட்டார். பழுப்பேறிய படங்கள் வரிசையாக வந்தன, ராயபுரம் கல்மண்டபம் தெருவில் சைக்கிளோடு நிற்கும் தாத்தா, பாட்டியோடு வடிவுடையம்மன் கோவில் வாசலில் தாத்தா. "இந்தப் படம் எங்கடா இருந்துச்சு?" என்றார் அம்மா. அக்கா பையனின் பழைய பென்டிரைவில், கிரிக்கெட் வீடியோக்களுக்கு நடுவில் இருந்தது. இந்த ஒரு சாயங்காலத்துக்காகவே இன்னும் இரண்டு மடங்கு செலவு செய்திருப்பேன்.

மிரர் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். கை தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும், வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். எங்கள் மூன்றாவது பிரதி பெரம்பூரில் அத்தை வீட்டு பீரோவில், ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் இருக்கிறது. நல்ல நாள் கெட்ட நாளுக்குப் போகும்போது எடுத்துவந்து புதுப்பித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

காசு ஒரேயடியாகப் புரட்ட முடியாதவர்களும் காத்திருக்க வேண்டாம். 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பெட்டி எத்தனையோ வீடுகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது. லினக்ஸும் ஒரு நல்ல டிஸ்க்கும் போட்டால் அதுவே ஆரம்பத்துக்குப் போதும். டவரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். ஆவணியிலேயே பெட்டியை வாங்கி, புரட்டாசிக்குள் ஆல்பங்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து உள்ளே போட்டுவிடுங்கள். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள் முதலில் செய்யுங்கள்.